பெருமூச்சுக்குள் ஒரு பொறியியல்

இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, வலக்கையின் இரண்டு விரல்களை வைத்து நாடியைப் பிடியுங்கள். மூச்சை மெதுவாக இழுங்கள். துடிப்புகள் சற்று நெருங்கி வரும். இன்னும் மெதுவாக விடுங்கள். துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி கூடும். இளவயதினருக்கு இது நன்றாகவே தெரியும். வயது ஏற ஏற மங்கும். 1847-இல் கார்ல் லூட்விக் என்ற ஜெர்மானிய உடலியலாளர் இதைக் கருவியில் பதிவு செய்தார். இது கோளாறு அன்று. பொதுவாக நலமான இதயத்தின் இயல்பு. பதற்றத்தில் இருப்பவரிடம் "மூச்சை நல்லா இழுத்து விடுப்பா" என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, அது ஏன் பலிக்கிறது என்பதற்கான முதல் தடயம் இந்தச் சிறிய ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது.

இதயத்தின் வலது மேலறையில் ஒரு சிறிய திசு இருக்கிறது. துடிப்பைத் தொடங்கி வைப்பது அதுதான். யாரும் தலையிடாமல் விட்டால் அது நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் நாடி 70-ஐ ஒட்டியே ஓடுகிறது. நிமிடத்துக்கு 30 என்றால், மணிக்கு 1,800 துடிப்புகளை யாரோ மிச்சம் பிடிக்கிறார்கள். அந்த வேலையைச் செய்வது வேகஸ் நரம்பு. மூளைத்தண்டில் கிளம்பி, கழுத்து வழியே இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று நீண்டு கிளைக்கும் நரம்பு அது. நாம் மூச்சை இழுக்கும்போது அதன் பிடி தளர்கிறது, விடும்போது இறுகுகிறது. நாடியில் நீங்கள் உணர்ந்தது இந்தத் தளர்வையும் இறுக்கத்தையும்தான்.

"மெதுவாகத் துடி" என்ற செய்தியை ஒரு நரம்பு இதயத்துக்கு எப்படிச் சொல்கிறது? விடை ஒரு கனவில் வந்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஆட்டோ லோவி என்ற ஆய்வாளர் நள்ளிரவில் விழித்து, ஒரு சோதனையைக் கிறுக்கி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் தன் கையெழுத்து தனக்கே புரியவில்லை. அடுத்த இரவு அதே யோசனை மறுபடி வந்ததும், எழுந்து நேரே ஆய்வகத்துக்கே போய்விட்டார். ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். துடிப்பு குறைந்தது. அந்த இதயத்தில் இருந்த திரவத்தை எடுத்து, நரம்பே இல்லாத இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது! நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்து பேசுகிறது என்று இதனால் தெரிந்தது. 1921-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு, 1936-இல் ஹென்றி டேலுடன் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. அந்தப் பொருளின் பெயர் அசிட்டைல்கோலின்.

அசிட்டைல்கோலினின் சிறப்பு அதன் வேகம். ஓரிரு துடிப்புக்குள் வேலையைத் தொடங்கும். தொடங்கியதும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். அதனால்தான் ஒரே ஒரு மூச்சின் அளவுக்குள்கூட இதயத்தின் வேகத்தை ஏற்றி இறக்க முடிகிறது. இரத்தத்தில் கலக்கும் அட்ரினலின் அப்படிப்பட்டதல்ல. அடங்க நிமிடங்கள் ஆகும். சாலையில் ஒரு லாரி உரசுவதுபோல் கடந்து போன பிறகும் நெஞ்சு படபடத்துக்கொண்டே இருப்பது அதனால்தான்.

"கொஞ்சம் மெதுவாகத் துடி" என்று இதயத்திடம் நேரடியாகச் சொன்னால் கேட்காது. குடலும் கேட்காது. மூச்சு மட்டும் இரண்டு எஜமானர்களுக்குக் கட்டுப்பட்டது. நாம் மறந்திருக்கையிலும் தூங்குகையிலும் ஒரு நாளில் சுமார் 20,000 முறை தானாக நடக்கிறது. நாம் நினைத்தால் அடக்கலாம், நீட்டலாம், பாடலாம். தானியங்கும் மூச்சின் தாளத்தை உண்டாக்கும் சிறிய நரம்பணுத் தொகுதியை மூளைத்தண்டில் 1991-இல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள்.

அந்தத் தொகுதிக்குள் இன்னொரு வியப்பு காத்திருந்தது. மூளையை உஷார்ப்படுத்தும் மையத்துடன் நேரடித் தொடர்பு வைத்திருக்கும் சுமார் 175 நரம்பணுக்கள் சுண்டெலிகளில் இருப்பதை 2017-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அவற்றை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். சுண்டெலிகள் வழக்கம்போல மூச்சுவிட்டன. ஆனால் புதிய கூண்டில் பரபரவென்று மோப்பம் பிடித்து அலையாமல், அமைதியாக உட்கார்ந்து உடலை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. மூச்சு எப்படிப் போகிறது என்ற செய்தி நொடிக்கு நொடி மூளையின் விழிப்பு மையத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

பெருமூச்சும் காரணமில்லாமல் வருவதில்லை. நம் நுரையீரலில் சுமார் 48 கோடி காற்றுப்பைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கடுகைவிடச் சிறியது; உள்ளே ஈரப்பசை கொண்டது. அவற்றில் சில அவ்வப்போது சுருங்கி ஒட்டிக்கொள்ளும். சாதாரண மூச்சால் அவற்றைத் திறக்க முடியாது. அதனால் ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, நமக்கே தெரியாமல், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு காற்றை இழுக்கும் மூச்சு ஒன்று வருகிறது. துக்கம் இல்லாத நாளிலும் நாம் இப்படி நூற்றுக்கணக்கான பெருமூச்சுகளை விடுகிறோம்.

மூச்சின் வேகத்திலும் ஒரு நுட்பம் உண்டு. கழுத்துத் தமனியின் சுவரில் இரத்த அழுத்தத்தை அளக்கும் உணரிகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் இதயத்தை மெதுவாக்கும், இறங்கினால் விரைவாக்கும். இந்தச் சுற்று ஒருமுறை முடியச் சுமார் 10 நொடி ஆகும். ஊஞ்சல் பின்னால் வரும் சரியான கணத்தில் தள்ளினால் வீச்சு கூடுவதுபோல, 10 நொடிக்கு ஒன்றாக, அதாவது நிமிடத்துக்கு ஆறாக மூச்சு விட்டால் இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் பெரிதாகிறது. இத்தாலிய ஆய்வாளர்கள் 2001-இல் ஓர் அழகான பொருத்தத்தைக் கண்டார்கள். லத்தீனில் ஜெபமாலை சொன்னாலும் யோக மந்திரம் ஒன்றைச் சொன்னாலும், மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறுக்கு வந்து நின்றது.

பெருமூச்சையும் மெதுவான மூச்சையும் அன்றாடத்துக்குக் கொண்டுவருவது எளிது. மூக்கால் மூச்சை இழுங்கள். நிறைந்ததும் மேலே இன்னொரு சிறு இழுப்பு. பிறகு வாயால் நீளமாக விடுங்கள். 2023-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்றில், ஒரு மாதம் தினமும் 5 நிமிடம் இதைச் செய்தவர்களின் மனநிலை, அதே நேரம் தியானம் செய்தவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியது. ஆய்வு சிறியது, ஆனால் செலவில்லாத முயற்சி. தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது.

மூச்சால் ஆகாததும் உண்டு. தூக்கம் கெட்டு, பசி போய், எதிலும் நாட்டமில்லாத நிலை இரண்டு வாரம் நீடித்தால் அதற்குச் சிகிச்சை வேண்டும். இந்தியாவில் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழில் பேசலாம்.

அன்றாட உரசல்களுக்கோ இந்த ஏற்பாடு உடலுக்குள் தயாராகவே இருக்கிறது. கோபமாகப் பதில் சொல்வதற்கு முன், தேர்வறைக்குள் நுழைவதற்கு முன், தூக்கம் வராத இரவில் என்று எங்கும் பயன்படும். ஆனால் படபடப்பு வந்த பிறகு புதிதாகக் கற்றுக்கொள்வது கடினம். அமைதியான நாட்களில் பழகி வைத்தால்தான் அன்று கைகொடுக்கும்.