எவர்சில்வரா, நான்ஸ்டிக்கா? காரைக்கால் அடுப்படிக்கு எது பொருந்தும்?

1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் காரைக்காலை இந்தியாவிடம் ஒப்படைத்தது. அதே ஆண்டில்தான் பிரான்சில் மார்க் கிரெகுவார் என்ற பொறியாளர், அலுமினியத்தின் மேல் டெஃப்ளான் பூச்சு உரியாமல் நிற்கும்படி ஒட்டவைக்கும் வழியைக் கண்டுபிடித்தார். தன் தூண்டில் சாமான்கள் சிக்கிக்கொள்ளாமல் இருக்கத்தான் அவர் அந்தப் பூச்சை முதலில் பயன்படுத்தினார். அதைச் சமையல் சட்டியில் பூசிப் பார்க்கச் சொன்னவர் அவருடைய மனைவி கொலெத். 1956-இல் டெஃபால் நிறுவனம் தொடங்கியது. நான்ஸ்டிக் உலகெங்கும் பரவியது.

இன்று காரைக்காலில் அது இல்லாத வீடு குறைவு. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிரான்சிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். பண்டிகைத் தள்ளுபடியில் மூன்று சட்டிகள் சேர்ந்த செட்டாகவும் வந்து சேர்கிறது. பக்கத்து அலமாரியில் பெயர் வெட்டிய சீர்வரிசை எவர்சில்வர் அடுக்கி இருக்கிறது. புதுக்குடித்தனம் போகிறவர்கள் எதில் பணம் போடுவது என்று குழம்புவது இயல்புதான்.

எதை, எவ்வளவு தீயில் சமைக்கிறோம் என்பதைப் பார்த்தால் குழப்பம் தீரும். நம் சமையல் தாளித்து, வதக்கி, வறுத்து, கொதிக்கவைக்கும் சமையல். அதற்கு அடிக்கனமான எவர்சில்வரே முதல் பாத்திரம். நான்ஸ்டிக்குக்கு மிதமான தீயில் செய்கிற ஓரிரு வேலை மட்டும் போதும். ஏன் என்று பார்ப்போம்.

நான்ஸ்டிக்கில் ஆபத்து எது?

டெஃப்ளான் என்பது பிடிஎஃப்இ என்ற வேதிப்பொருளின் வணிகப் பெயர். 1938 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் குளிர்பதன வாயுக்களை ஆராயும்போது தற்செயலாகக் கிடைத்தது. அதில் கரியும் ஃப்ளூரினும் மிக இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன. அதனால் வேறு எந்தப் பொருளோடும் அது எளிதில் சேராது, முட்டையும் ஒட்டாது. உரிந்த துணுக்கு ஒன்று வயிற்றுக்குள் போனாலும் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும்.

பயம் வந்தது வேறொரு பொருளால். பிடிஎஃப்இ தயாரிப்பில் துணைப்பொருளாகப் பயன்பட்ட பிஎஃப்ஓஏ, மண்ணிலும் நீரிலும் உடம்பிலும் நெடுங்காலம் தங்கும். 2015-க்குள் அதை முழுவதும் கைவிடுவதாக எட்டுப் பெரிய நிறுவனங்கள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையிடம் 2006-இல் ஒப்புக்கொண்டன. 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிலும் அது சேர்ந்தது. 2023 இறுதியில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் அதை வைத்தது. இதன் சுமை அதிகமாக விழுந்தது ஆலைத் தொழிலாளர்கள் மீதும் ஆலையைச் சுற்றியிருந்த ஊர்களின் குடிநீர் மீதும்தான். பெட்டியில் ‘பிஎஃப்ஓஏ இல்லை’ என்று அச்சிட்டிருந்தால் அந்த ஒரு பொருள் இல்லை என்று மட்டுமே பொருள். பிடிஎஃப்இ பூச்சு இருக்கத்தான் செய்யும். பிரான்சில் 2025-இல் வந்த சட்டம் இந்த வகை வேதிப்பொருள்களை அழகுசாதனங்களிலும் துணிகளிலும் தடை செய்தது. சமையல் பாத்திரங்களை மட்டும் விவாதத்தின்போதே விலக்கிவிட்டார்கள்.

நம் வீட்டுக்குள் நேரடி ஆபத்து, காய்ந்த சட்டியை ஓங்கிய தீயில் விடுவதுதான். பிடிஎஃப்இ பூச்சு சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அதைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். 350 டிகிரிக்கு மேல் நச்சுப்புகை வேகமாக வரும். அதைச் சுவாசித்தால் காய்ச்சல், குளிர், நெஞ்சு இறுக்கம் வரும். கூண்டுப் பறவைகளின் நுரையீரல் இன்னும் மென்மையானது. லவ் பேர்ட்ஸ் வளர்க்கும் வீட்டில் இந்தப் புகை அவற்றைக் கொன்றுவிடும். எண்ணெயோ காயோ உள்ளே இருந்தால் சூட்டை அது வாங்கிக்கொள்ளும்; பொரிக்கும் எண்ணெய்கூடப் பெரும்பாலும் 180 டிகிரியை ஒட்டியே நிற்கும். வெறும் சட்டிக்கு அந்தக் காப்பு இல்லை. பெரிய பர்னரில் சில நிமிடங்களில் 300 டிகிரியைக் கடந்துவிடும். 2024 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட உணவு வழிகாட்டி இன்னும் கறாராக, 170 டிகிரிக்கு மேல் நான்ஸ்டிக்கைச் சூடாக்க வேண்டாம் என்கிறது. பூச்சு தேய்ந்ததைத் தூக்கிப்போடவும் சொல்கிறது.

சட்டியைக் காயவைத்து, எண்ணெய் ஊற்றி, கடுகு வெடித்து, மிளகாய் கிள்ளிப் போடும் தாளிப்பு நம் அன்றாட வேலை. நான்ஸ்டிக்குக்கு ஆகாததும் அந்த முதல் படிதான்.

எவர்சில்வர் ஏன் துருப்பிடிப்பதில்லை?

இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால், மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம் உண்டாகிறது. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் அந்தப் படலம் தானே மறுபடி வளர்ந்துகொள்ளும். நான்ஸ்டிக் பூச்சு ஒருமுறை போனால் போனதுதான். எவர்சில்வர் தலைமுறை தாண்டிப் புழங்குவதற்கு இதுதான் காரணம்.

எவர்சில்வரிலும் தரம் உண்டு. 304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் இருக்கும். 18/8 என்று பொறித்திருப்பார்கள். 202, ஜே4 என்று வியாபாரிகள் சொல்லும் 200 வரிசையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். விலை குறைவு, உப்பைத் தாங்கும் சக்தியும் குறைவு. ‘காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல ஸ்டீல்’ என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். 304-இலும் ஒட்டாது, 200 வரிசையிலும் ஒட்டாது. இண்டக்‌ஷன் அடுப்புக்கு மட்டும் அடிப்பகுதியில் காந்தம் ஒட்டியே ஆக வேண்டும். தரத்துக்கு ரகப் பொறிப்பையும், ஐஎஸ் 14756 என்ற எண்ணோடு உள்ள ஐஎஸ்ஐ முத்திரையையும் பார்க்க வேண்டும்.

எவர்சில்வரின் உண்மையான குறை, சூட்டைச் சீராகப் பரப்பாதது. அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். மெல்லிய எவர்சில்வர் சட்டியில் தீ படுகிற இடம் மட்டும் கொதித்து, பாயசமும் கூட்டும் அடிபிடிப்பது இதனால்தான். நடுவில் அலுமினியத் தகடு வைத்து அடியைக் கட்டிய பாத்திரமோ, முழு உடலும் மூன்றடுக்காக உள்ள டிரைபிளையோ வாங்கினால் இந்தக் குறை பெரும்பாலும் தீரும்.

உப்புத்தண்ணீர் ஊரில் ஒரு எச்சரிக்கை

காரைக்கால் கடலோர ஊர்; பல இடங்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். உப்பிலுள்ள குளோரைடு, எவர்சில்வரைக் காக்கும் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். பாத்திரத்தின் அடியில் தேய்த்தாலும் போகாத ஊசிமுனைக் குழிகள் அப்படி வந்தவை. பச்சைத் தண்ணீரில் கல்லுப்பைப் போட்டு அடுப்பில் வைத்தால், கரையாத கல் அடியில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்யும். தண்ணீர் கொதித்த பிறகு உப்புப் போட்டுக் கலக்க வேண்டும். மீதக் குழம்பை இரவு முழுக்க அதிலேயே விடக்கூடாது. போர் தண்ணீரில் கழுவினால் உடனே துடைத்துக் கவிழ்க்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் ஊறவைக்கவே கூடாது. வெள்ளைப் படிவுக்கு எலுமிச்சை மூடியோ புளிச் சக்கையோ போதும்.

மீன் ஒட்டாமல் வறுப்பது எப்படி?

எவர்சில்வர் வேண்டாம் என்பவர்கள் சொல்லும் முதல் காரணம், மீன் ஒட்டிக்கொண்டு பிய்ந்துபோவது. சட்டி போதுமான அளவு சூடாகாதபோது மீனின் புரதம் உலோகத்தோடு பிணைந்துகொள்கிறது. அதனால் முதலில் வெறும் சட்டியை மிதமான தீயில் இரண்டு மூன்று நிமிடம் காயவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால், சூடு பற்றாதபோது சுர்ரென்று ஆவியாகும். சூடு ஏறியதும் முத்துப் போல உருண்டு ஓடும். அந்தத் துளியைத் துடைத்துவிட்டு, தீயைக் குறைத்து எண்ணெய் ஊற்றுங்கள். மசாலா தடவிய வஞ்சிரத் துண்டில் நீர் கசிந்திருந்தால் ஒற்றி எடுத்துவிட்டு, எண்ணெய் மினுங்கத் தொடங்கியதும் பக்கத்துக்குப் பக்கம் இடைவெளி விட்டு வையுங்கள். பிறகு தொடாதீர்கள். அடிப்பக்கம் மொறுமொறுப்பானதும் மீன் தானே சட்டியை விட்டுவிடும். திருப்பி எளிதாக உள்ளே போனால் புரட்டலாம், தடுத்தால் இன்னும் அரை நிமிடம் பொறுக்கலாம். மசாலாவில் ஒரு கரண்டி அரிசிமாவு சேர்த்தால் மேல்தோடு உறுதிப்படும். நெத்திலிக்கும் இதே முறைதான். சட்டியை நிரப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும்.

புளிக்குழம்புக்கும் தோசைக்கும்

புளியும் தக்காளியும் நெடுநேரம் கொதித்தால் எவர்சில்வரிலிருந்து சிறிதளவு நிக்கலும் குரோமியமும் குழம்பில் இறங்கும். ஒரிகான் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் தக்காளி சாஸை வைத்து இதை அளந்தார்கள்: புதுப் பாத்திரத்தில் அதிகம், சில தடவை சமைத்தபின் குறைந்துவிட்டது. பெரும்பாலோருக்கு இதனால் பிரச்சினை இல்லை. கவரிங் நகை போட்டால் தோல் அரிக்கிற நிக்கல் ஒவ்வாமைக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு வழி ஊரிலேயே இருக்கிறது: மீன்குழம்பை மண்சட்டியில் வைப்பது. மேலே சொன்ன உணவு வழிகாட்டியும் மண்பாத்திரத்தை மிகப் பாதுகாப்பானது என்கிறது.

தோசைக்குப் பழகிய இரும்புக்கல்லே சிறந்தது. ஓங்கிய தீயை அது தாங்கும். எண்ணெய் ஏற ஏற ஒட்டாத் தன்மை கூடும். நான்ஸ்டிக் தவாவில் ஒவ்வொரு தோசைக்கும் நடுவே கல் வெறுமையாகக் காய்கிறது என்பதை யோசித்தாலே போதும். ‘செராமிக் கோட்டிங்’ சட்டியில் பிடிஎஃப்இ இல்லை. அதன் வழவழப்பு இன்னும் சீக்கிரம் போய்விடும்.

வாங்கும் வரிசை

கையில் குறைந்த பணம் இருந்தால், அதை முதலில் அடிக்கனமான ஒரு எவர்சில்வர் வாணலியிலும் ஒரு குண்டானிலும் போடுங்கள். பிறகு ஒரு இரும்புத் தோசைக்கல், ஒரு மண்சட்டி. முட்டைக்கும் ஆப்பத்துக்கும் வேண்டுமானால் கடைசியாக ஒரே ஒரு சிறிய நான்ஸ்டிக். மிதமான தீ, மரக்கரண்டி, மென்மையான பஞ்சு என்ற மூன்றையும் கடைப்பிடிக்க முடியும் என்றால் மட்டும்.

நான்ஸ்டிக்கின் விலையைக் கணக்கிடும்போது அது சில ஆண்டுகளில் தேயும் பொருள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எவர்சில்வர் பழசானாலும் பாத்திரக்கடை எடைக்கு எடுத்துக்கொள்ளும். பூச்சு உரிந்த சட்டிக்கு அந்த மதிப்பு இல்லை. அடுக்கில் இப்போது அப்படி ஒன்று இருந்தால், பரிசாக வந்தது, வெளிநாட்டிலிருந்து வந்தது என்று தயங்காமல் இன்றே அடுப்படியிலிருந்து எடுத்துவிடுங்கள்.