பின்னல் சந்தையில் முதல் விற்பனை

இல்-பிசாரில் வதிவோர், தம் கையால் பின்னிய ஆடைகளைச் சந்தையில் விற்க வரி குறித்து அஞ்சிப் பின்வாங்க வேண்டியதில்லை. தம் முழுப் பெயரிலேயே விற்பவர் கியூபெக் நிறுவனப் பதிவாளரிடம் பதிய வேண்டியதில்லை. தனி வணிகப் பெயர் சூட்டினால் பதிதல் வேண்டும். தொடர்ந்த 4 காலாண்டுகளில் மொத்த விற்பனை 30,000 டொலரைத் தாண்டாதவரை விற்பனை வரிகளுக்குப் பதிவு கட்டாயமன்று; பதியாதவர் அவ்வரிகளை அறவிடவும் கூடாது. ஆயினும், ஈட்டிய வருமானம் சிறிதாயினும் ஆண்டு வருமான வரிப் படிவத்தில் காட்டப்படல் வேண்டும்.

ஸ்வெட்டரில் நிலையான துணிச்சிட்டை தைக்கப்படல் அவசியம். இழைகளின் பெயரும் விழுக்காடும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும், விற்பவரின் பெயரும் அஞ்சல் முகவரியும் அதில் இடம்பெற வேண்டும். நூற்கண்டின் உறையை எறியாது வைத்திருந்தால் இழை விவரம் அதிலேயே கிடைக்கும். கம்பளி ஒவ்வாதவர் வாங்குமுன் நாடுவது இச்சிட்டையையே.