கறுப்பை மறைத்துப் பாருங்கள்

சுவரில் தொங்கும் காலண்டரைப் பாருங்கள். மயில், ரோஜா, பச்சை வயல். எத்தனை நிறம்! ஆனால் பெரும்பாலும் அச்சடிப்பது நான்கே மைகளில்தான். வெளிர்நீலம், மெஜந்தா என்னும் ரோஜாச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ஒவ்வொரு மைக்கும் ஓர் அலுமினியத் தகடு. தகடு செய்யும் முன்பே கணினியில் நிறங்களைப் பிரித்துப் பார்க்கலாம். வேண்டாத நிறத்தை மறைக்கலாம்.

எதற்கு இந்த வேலை? சிறிய எழுத்துகளுக்காக.

வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பற்றி ஒரு வண்ணத்தாள். 1 லிட்டர் கொதித்து ஆறிய நீர், 6 தேக்கரண்டி சர்க்கரை, ½ தேக்கரண்டி உப்பு. எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருந்தால் தெளிவாக விழும். நான்கு மையும் கலந்த கறுப்பாக இருந்தால்? திரையில் வித்தியாசம் தெரியாது. அச்சில் ஒரு தகடு மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் நிழல் விழும். ½ மங்கிவிடும். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து.

கணினியில் கறுப்பை மறையுங்கள். எழுத்தும் மறைய வேண்டும். மறையாமல் நின்றால் அது மற்றத் தகடுகளிலும் இருக்கிறது. அப்போதே திருத்தலாம். 10,000 தாள் அடித்த பிறகு கண்டால் புதுத் தகடு, புதுத் தாள். அடித்த தாளெல்லாம் எடைக்குத்தான் போகும்.