மீன்கண் லென்ஸ்: வானம் முழுவதையும் ஒரே படத்தில் அளத்தல்

மீன்கண் லென்ஸினால் எடுக்கப்பட்ட புகைப்படத்தை முதன்முறையாகக் காண்போர், கட்டடங்கள் வில்லைப்போல் வளைந்தும் முகங்கள் உப்பியும் தோன்றுவது கண்டு, அதனை ஒரு வேடிக்கைக் கருவி என்றே எண்ணக்கூடும். ஆனால், வானத்தில் பரவியுள்ள மேகங்கள் அனைத்தையும் ஒரே படத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற விஞ்ஞானத் தேவையே இந்த லென்ஸ் உருவாகக் காரணமாயிற்று. படத்தில் காணும் வளைவும் ஒரு திட்டமான விதிக்கு உட்பட்டதேயாகும். அவ்விதியை அறிந்தவர்களுக்கு இப்படம் ஒரு தேசப்படத்தைப் போல் அளவுகளைத் தரவல்லது.

நீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் எவ்வாறு தோன்றும் என்பதை முதலில் காண்போம். காற்றிலிருந்து நீருக்குள் சாய்வாக நுழையும் ஒளிக்கதிர் செங்குத்துக் கோட்டை நோக்கி விலகுகிறது. அடிவானத்திலிருந்து நீர்ப்பரப்பை ஒட்டி வரும் கதிர்கூட நீருக்குள் செங்குத்துடன் சுமார் 48.6 பாகைக் கோணத்திலேயே செல்லும். ஆகவே, அசைவற்ற நீரிலிருந்து மேல்நோக்கும் மீனுக்கு 180 பாகை வானமும் சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றது. அவ்வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு ஒரு கண்ணாடியாகி, குளத்தின் அடித்தளத்தையே பிரதிபலித்துக் காட்டும்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பௌதிக அறிஞர் ராபர்ட் வில்லியம்ஸ் வுட், நீர் நிரப்பிய ஊசித்துளைக் காமிராவைக் கொண்டு இக்காட்சியைப் படமெடுத்து 1906இல் விவரித்தார். மீனின் கண் என்னும் பெயர் அதிலிருந்தே வந்தது. 1922இல் பாண்ட் என்பவர் நீருக்குப் பதிலாக அரைக்கோள வடிவமான கண்ணாடியைப் பயன்படுத்தி மேகங்களைப் பதிவு செய்யும் முறையை வெளியிட்டார். பின்னர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ராபின் ஹில், வானம் முழுவதையும் தெளிவாகப் படமெடுக்கும் ஒரு கூட்டு லென்ஸை அமைத்து 1924இல் அதனைப் பற்றி எழுதினார். தாவரங்களின் ஒளிச்சேர்க்கை பற்றிய ஆராய்ச்சியால் பிற்காலத்தில் புகழ் பெற்ற உயிரியல் ரசாயன அறிஞரும் இவரே.

சாதாரண லென்ஸ் இப்பணிக்கு ஏன் பயன்படாது? அது நேர்கோடுகளை நேர்கோடுகளாகவே காட்டும்படி அமைக்கப்பட்டது. ஆகையால் ஒரு பொருள் லென்ஸின் அச்சிலிருந்து விலகும் கோணம் கூடக்கூட, அதன் பிம்பம் படத்தின் மையத்திலிருந்து மிக விரைவாக விலகிச் செல்கிறது. குவிய தூரம் 7 மில்லி மீட்டர் எனக் கொள்வோம். 45 பாகையில் உள்ள பொருளின் பிம்பம் மையத்திலிருந்து 7 மில்லி மீட்டர் தொலைவில் விழும். 80 பாகையில் இத்தொலைவு சுமார் 40 மில்லி மீட்டர். 89 பாகையிலோ சுமார் 400 மில்லி மீட்டர். 90 பாகையில் அதற்கு எல்லையே இல்லை. எனவே அடிவானத்தைப் பதிவு செய்ய எத்துணைப் பெரிய பிலிமும் போதாது.

மீன்கண் லென்ஸ் இவ்விதியைக் கைவிடுகின்றது. அதன் முன்புறத்தில் மிகுதியாக வளைந்த, பருத்த கண்ணாடி பக்கவாட்டிலிருந்து வரும் கதிர்களையும் உள்நோக்கித் திருப்புகிறது. பின்புறக் கண்ணாடிகள் அவற்றைக் குவித்துப் பிம்பமாக்குகின்றன. பெரும்பாலும் கையாளப்படும் சமதூர முறையில், கோணம் ஒவ்வொரு பாகை கூடும்போதும் பிம்பம் ஒரே அளவு விலகும். மேற்கூறிய 7 மில்லி மீட்டர் குவிய தூரத்துக்கு இது பாகைக்கு சுமார் 0.12 மில்லி மீட்டராகும். 90 பாகையில் உள்ள அடிவானம் மையத்திலிருந்து 11 மில்லி மீட்டரில் அமைகிறது. ஆகவே வானம் முழுவதும் 22 மில்லி மீட்டர் விட்டமுள்ள வட்டமாகி, 24 மில்லி மீட்டர் அகலமுள்ள சாதாரணப் பிலிம் சட்டத்துக்குள் அடங்குகிறது. 1962இல் ஜப்பானின் நிக்கான் நிறுவனம் 8 மில்லி மீட்டர் குவிய தூரமுள்ள மீன்கண் லென்ஸை விற்பனைக்குக் கொணர்ந்தபின், இக்கருவி ஆராய்ச்சிக்கூடத்துக்கு வெளியிலும் பரவியது.

அளவெடுப்போர் இங்கே ஒரு எச்சரிக்கையை மனத்திற்கொள்ள வேண்டும். சமதூரப் படத்தில் கோணங்கள் சரியாக இருப்பினும் பரப்புகள் சரியாக இரா. வானத்தில் ஒரே அளவு இடத்தை அடைக்கும் இரு மேகங்களுள், அடிவானத்தை ஒட்டியது உச்சியில் உள்ளதைப் போல் ஏறக்குறைய 1.57 மடங்கு பரப்புடையதாகப் படத்தில் தோன்றும். வானிலை நிலையங்களில் மேகமூட்டத்தை எட்டில் எத்தனை பங்கு எனக் குறிப்பது வழக்கம். திருத்தம் செய்யாமல் படத்தின் பரப்பை நேரே கணக்கிட்டால், அடிவான மேகங்களுக்கு உரியதைவிட அதிகப் பங்கு கிடைத்துவிடும். ஒவ்வொரு வளையத்துக்கும் தனித்தனியே திருத்தம் செய்தல் வேண்டும்; அல்லது சமபரப்பு முறையில் அமைந்த லென்ஸைப் பயன்படுத்த வேண்டும்.

வனங்களில் இக்கணக்கின் முக்கியத்துவம் மேலும் தெளிவாகும். மரநிழலில் முளைக்கும் கன்று பிழைப்பதும் மடிவதும் பெரும்பாலும் அதற்குக் கிட்டும் ஒளியைப் பொறுத்தது. ஈவன்ஸ், கூம்ப் என்னும் தாவரவியலார் இருவர், வனத்தின் தரையிலிருந்து மேல்நோக்கி எடுத்த அரைக்கோளப் படங்களைக் கொண்டு ஒளிநிலையை ஆராய்ந்து 1959இல் வெளியிட்டனர். மேகங்களுக்கென ஹில் அமைத்த லென்ஸ் இவ்வாறு மரங்களின் ஆராய்ச்சிக்கும் உதவியது. அத்தகைய படத்தின்மீது சூரியன் செல்லும் பாதையை மாதவாரியாக வரைந்தால், எந்த மாதத்தில் எந்த நேரம் வெயில் அவ்விடத்தை அடையும் என்பதை ஓராண்டு காத்திராமலே அறியலாம். சூரிய மின்தகடுகளை நிறுவுமுன் அயலிலுள்ள கட்டடத்தின் நிழலைக் கணிப்பதற்கும் இம்முறை ஏற்றது.

படமெடுக்கும்போது லென்ஸ் நேர் உச்சியை நோக்குமாறு ரசமட்டத்தால் சரிபார்த்து, வடதிசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். மேல்நோக்கி எடுத்த படமாதலால், வடக்கை மேற்புறமாக வைத்துப் பார்த்தால் கிழக்கு இடப்புறம் அமையும். தேசப்படத்தில் பழகிய கண் இங்கே தவறக்கூடும். வனத்தில் எடுப்போர், சூரியன் உதிக்குமுன்னரோ மறைந்த பின்னரோ, அன்றி வானம் ஒரே சீராக மூடியிருக்கும்போதோ எடுப்பது நலம். நேர் வெயிலில் சிறு இலைகளின் விளிம்புகள் ஒளிப்பெருக்கில் மறைந்து, வனம் உள்ளதைவிடத் திறந்ததாகத் தோன்றும். படமெடுப்பவரும் லென்ஸின் மட்டத்துக்குக் கீழே குனிந்திருத்தல் அவசியம். இல்லையேல் அவருடைய தலையும் படத்தில் இடம்பெற்றுவிடும்.

இன்று பிலிமின் இடத்தை மின்னணு உணரிகள் பெற்றுள்ளன. படப்புள்ளிகளை எண்ணும் வேலையைக் கணினி செய்கின்றது. எனினும், கையிலுள்ள லென்ஸ் எம்முறையில் அமைந்தது என்பதைக் கணினி தானே அறியாது. அதனை முதலில் தெரிந்து, பரப்புக்குரிய திருத்தத்தையும் குறித்துக்கொண்ட பின்னரே கணக்கைத் தொடங்குதல் வேண்டும்.