பார்க்காத புலியை எண்ணுவது

காவேரிப்பாக்கம் ஏரியில் எத்தனை மீன் இருக்கும்? தண்ணீரை வடிக்காமலே கணக்கிடலாம். ஆயிரம் மீனைப் பிடித்து, துடுப்பில் சின்ன அடையாளம் போட்டு விட்டுவிட வேண்டும். அவை மற்ற மீன்களோடு கலந்த பிறகு மறுபடி வலை வீசுகிறோம். சிக்கிய ஆயிரத்தில் ஐந்தில்தான் அடையாளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருநூற்றுக்கு ஒன்று! அப்படியானால் ஏரியில் சுமார் இரண்டு லட்சம் மீன். 1896-இல் மீன்களுக்கு அடையாளமிட்டு ஆராய்ந்த டென்மார்க் அறிஞர் பீட்டர்சனின் பெயர் இந்தக் கணக்குக்கு நிலைத்துவிட்டது.

காட்டுப் புலிகளை எண்ணுவதற்கும் இதுவே அடிப்படை. புலிக்கு நாம் அடையாளம் போட வேண்டியதில்லை. அது கோடுகளோடுதான் பிறக்கிறது. ஒரு புலியின் கோடு இன்னொன்றுக்கு வராது. ஒரே புலிக்கே இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரி. அதனால்தான் காட்டுப் பாதையின் இருபுறமும் முழங்கால் உயரத்தில் எதிரெதிராக இரண்டு தானியங்கி கேமராக்களைக் கட்டுகிறார்கள். உடற்சூடுள்ள எது குறுக்கே நகர்ந்தாலும் அவை படமெடுக்கும். எல்லாவற்றையும் சில வாரங்களுக்குள் முடித்தாக வேண்டும். நாள் நீண்டால் குட்டிகள் பிறக்கும், சில புலிகள் சாகும், சில வேறு காட்டுக்குப் போகும், கணக்கு குலைந்துவிடும்.

முன்பெல்லாம் கால்தடம்தான் ஆதாரம். மண்ணின் ஈரம் மாறினால் ஒரே பாதத்தின் தடமும் மாறும். ராஜஸ்தானின் சரிஸ்கா காட்டில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்று 2005-இல் தெரியவந்தபோது அந்த முறைமேல் இருந்த நம்பிக்கையும் போனது. 1990-களிலேயே கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் கேமரா வழியைச் செய்து காட்டியிருந்தார். 2018 கணக்கெடுப்பில் நாடெங்கும் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். கிடைத்த படங்கள் சுமார் 3.48 கோடி, புலி இருந்தவை 76,651. கோடுகளை ஒப்பிடக் கணினி உதவியது. தமிழ்நாட்டில் 2006-இல் 76 என்று மதிப்பிடப்பட்ட புலிகள் 2022-இல் 306.

நம் பக்கத்து மலைகளில் புலியைவிடச் சிறுத்தைப் பேச்சுதான் அதிகம். 2024 ஜூனில் திருப்பத்தூர் நகருக்குள்ளேயே ஒன்று வந்துவிட்டது. இப்படி ஒன்று ஊருக்குள் வந்தால், கைபேசியில் மூன்று வீடியோ சுற்றும். மூன்று சிறுத்தை என்று ஊர் நடுங்கும். மூன்றிலும் ஒரே சிறுத்தையா என்பதை அதன் உடம்புப் புள்ளிகளை ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். அந்த வேலையை முதலில் செய்ய வேண்டும் என்பதே என் ஆசை.

புள்ளிகளே கண்ணுக்குத் தெரியாத கருஞ்சிறுத்தைக்கு என்ன செய்வது? மலேசியாவில் வழி கண்டார்கள்: கேமரா எந்நேரமும் அகச்சிவப்பு ஒளியிலேயே படமெடுக்கும்படி மாற்றினார்கள். கருப்புக்குள் மறைந்திருந்த புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன.