மாநாட்டுச் செயலிகளில் தமிழ்: சில மொழியியல் கூறுகள்

0. முன்னுரை

மாநாட்டிற்கு வருவோர் நிகழ்ச்சிநிரல், அரங்கு, பேச்சாளர், வழி ஆகியவற்றை அறியச் செல்பேசிச் செயலிகள் பயன்படுகின்றன. செயலியின் எளிமை திரையின் தோற்றத்தைப் பொறுத்தது என்பது பொதுவான கருத்து. தமிழில் அதன் பெரும்பகுதி மொழியமைப்பைப் பொறுத்தது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. பம்பாய்த் தமிழ்ச் சங்கம் அமைந்துள்ள மும்பையின் சயான் பகுதியில் ஒரு தமிழ் மாநாடு நடப்பதாகக் கொள்வோம்.

1. இடப்பெயர்

சயான் தொடர்வண்டி நிலையத்தின் மராத்திப் பெயர் 'ஷீவ்'. எல்லை என்பது இதன் பொருள். தமிழில் சயான், சயன், சியோன் என எழுத்துவடிவம் வேறுபடுகிறது. ஒரு வடிவத்தை மட்டும் ஏற்கும் தேடல், ஏனைய வடிவங்களை இடுவோரைக் கைவிடும். எனவே திரையில் ஒரு வடிவமும் தேடலில் எல்லா வடிவங்களும் இடம்பெறல் வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டியது மற்றொன்று. மாட்டுங்கா மத்திய இரயில்வேயின் நிலையம். மாட்டுங்கா ரோடு மேற்கு இரயில்வேயின் நிலையம். பின்னதனை 'மாட்டுங்கா சாலை' எனப் பெயர்த்தால் புதியவர் ஒரு தெருவைத் தேடுவார். இங்கு 'ரோடு' பொதுச்சொல் அன்று, பெயரின் உறுப்பு.

2. அகரவரிசை

ஒருங்குறி எண் வரிசையும் தமிழ் அகரவரிசையும் ஒன்றல்ல. ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்து வருகிறது. மரபில் அது இறுதி மெய். மரபில் 'ம்' என்பது 'ம'-விற்கு முற்பட்டது. ஒருங்குறியில் புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பிற்பட்டது. இதன் விளைவைக் காண்க:

மரபு வரிசை: அம்பிகா, அமுதா, அன்பு
எண் வரிசை: அன்பு, அமுதா, அம்பிகா

வரிசை முற்றிலும் தலைகீழாகிறது. நூற்றுக்கணக்கான பேச்சாளர் கொண்ட பட்டியலில், அகராதிப் பழக்கமுடையவர் தேடும் பெயர் அவர் எதிர்பார்க்கும் இடத்தில் இராது. ஆகவே மரபு வரிசைக்குரிய விதிகளைத் தனியே அமைத்தல் இன்றியமையாதது.

3. ஆட்பெயர்

பதிவுப் படிவங்கள் பல, குடும்பப்பெயரைக் கட்டாயமாகக் கேட்கின்றன. தமிழர் பலருக்குக் குடும்பப்பெயர் இல்லை. தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தை பெயரின் முதலெழுத்தே. கட்டாயத்தின் பொருட்டுத் தந்தை பெயரை இட்டவர், பட்டியலிலும் பெயரட்டையிலும் தந்தையின் பெயரால் அறியப்படுவார். 'முழுப்பெயர்', 'பெயரட்டையில் இடம்பெற வேண்டிய வடிவம்' என்னும் இரு கட்டங்கள் போதுமானவை. பட்டியல் தலைப்பெழுத்தால் அன்றிப் பெயரால் வரிசைப்படுத்தப்பட வேண்டும்.

4. ஏவல் வடிவம்

பொத்தானில் 'பதிவு செய்' என்னும் ஏவல் ஒருமை மூத்த அறிஞர்க்கு மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். 'பதிவு செய்யுங்கள்' சிறு திரைக்கு நீளம். 'பதிவு' என்னும் பெயர்ச்சொல்லோ செய்ய வேண்டியதையும் செய்து முடிந்ததையும் ஒருங்கே குறிக்கும். பயனர் தாம் முன்பே பதிந்துவிட்டதாக எண்ணக்கூடும். 'பதிவு செய்க' என்னும் வியங்கோள் சுருக்கம், மரியாதை, தெளிவு ஆகிய மூன்றையும் நிறைவு செய்கிறது. முடிந்த செயலைப் 'பதிவாயிற்று' என வினைமுற்றால் உணர்த்தலாம்.

5. முடிவுரை

மேற்கண்டவற்றுள் எதுவும் ஆங்கிலச் செயலியை உருவாக்கியபின் சொற்களைப் பெயர்ப்பதால் தீர்வதன்று. தேடல், வரிசை, படிவம் ஆகியவை நிரலின் அடித்தளத்தில் அமைபவை. எனவே மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் வடிவமைப்பின் தொடக்கத்திலேயே பங்குபெறுதல் வேண்டும். இல்லையெனில், தமிழுக்கான மாநாட்டில் தமிழில் தேடுபவரே அரங்கைக் கண்டடைய இயலாத நிலை ஏற்படும்.