சிறு பறக்கும் படகின் அடிப்பகுதி அமைப்பு: ஒரு விளக்கம்

தனிமனிதர் தாமே கட்டும் பறக்கும் படகில் இயந்திர ஆற்றல் குறைவு. எனவே வானத்தைவிட நீரே அதற்குப் பெரிய தடையாகிறது. வளைந்த அடிப்பகுதியை நீர் பற்றிக் கீழிழுக்கும். இதைத் தவிர்க்க, எடைமையத்துக்குச் சற்றுப் பின்னே அடிப்பகுதியின் குறுக்கே ஒரு படி விடப்படுகிறது. அவ்விடத்தில் நீர் பிரிய, காற்று புகுகிறது. படகு நீர்மேல் வழுக்கி ஓடி எழுகிறது.

1942 ஏப்ரல் 4 அன்று ஜப்பானியக் கடற்படையைக் கண்டறிந்த கேட்டலினா, இலங்கையின் கொக்கலைக் களப்பிலிருந்து எழுந்தது இம்முறையில்தான். அமெரிக்கரான வோல்மர் ஜென்சன் 1958இல் பறக்கவிட்ட வி.ஜே.-22 மரப்படகிலும் அத்தகைய படி உண்டு. இறக்கையை மட்டும் ஏரோன்கா வானூர்தியிலிருந்து எடுத்துக்கொண்டார், சிக்கனமான முடிவு. நீர்த்திவலை படாதிருக்க இயந்திரம் இறக்கைக்கு மேலே நிற்கிறது. ஆனால் விசையைக் கூட்டினால் மூக்கு தாழும்.

வழுக்கோட்டத்துக்கு நீண்ட நீர்ப்பரப்பும் வேண்டும். திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலும் குடமுருட்டியிலும் அது மேட்டூர் நீர் வரும் மாதங்களில் மட்டுமே வாய்க்கக்கூடும். கோடையில் மணலே மிஞ்சும்.